மூக்கை இறக்கும் கணக்கு

பேனரில் என் கணவருக்கு ஹெல்மெட் மாட்டியிருந்தார்கள். விமானிகள் போடுகிற ஹெல்மெட். எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த முகம், கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு வெள்ளைக்காரனின் உடம்பு, பின்னால் எந்த நாட்டுடையதென்று தெரியாத போர் விமானம் ஒன்று நெருப்பு கக்கிக்கொண்டிருந்தது. ‘விண்ணை அளந்த வீரனுக்குக் கண்ணீர் அஞ்சலி.’ இனியவன் ஒருநாளும் விமானம் ஓட்டியவரில்லை. மயிலம் திருவிழாவில் ராட்டினத்தில் ஏறச் சொன்னால் டிக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே நிற்பவர். அந்தப் பேனரைப் பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. ஊர்ப் பையன்கள் பாசத்தில் செய்தது என்று எல்லோரும் சொன்னார்கள். பாசத்தில் செய்ததுதான். அருவருப்பும் உண்மைதான்.

அவர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் பொறியாளர். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். புதிதாகச் செய்துகொண்டிருந்த ஒரு போர் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணக்குகள் அவர்களிடம் இருந்தன. நான் திண்டிவனத்தில் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வருவார். நவம்பர் நான்காம் தேதி விழுப்புரத்தில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு பைக்கில் திரும்பியவரை, விக்கிரவாண்டிக்கு முன்னால் மழையில் ஒரு லாரி அடித்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை உயிர் போயிற்று. வானூருக்கு அப்பால் இருக்கும் அவருடைய ஊரில், மாமனார் சின்னக்கண்ணு முன்னிலையில் புதைத்தோம்.

பதினாறாம் நாள் அந்த ஊரிலேயே வைத்த படத்திறப்புக்குப் பெங்களூரிலிருந்து ராஜசேகர் வந்தார். இனியவனுக்கு மேலதிகாரி. காரிலிருந்து இறங்கும்போதே கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. நாங்கள் கொடுத்த டீயை வாங்கி, பக்கத்து நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். எதற்குத் துடைத்தார் என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. மாமனார் மட்டும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தைத் திறந்துவைத்து மைக்கில் பேசினார். இனியவன் எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்றார். பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு அவர் பெயரை வைக்கப்போகிறோம் என்றார். பிறகு இதைச் சொன்னார்.

“கடைசிக் கணக்க ஓகே பண்ணிட்டுத்தான் நம்ம இனியவன் போனார். வர்ற இருபத்தெட்டாம் தேதி அந்த விமானம் மூக்கைத் தூக்கிக்கிட்டு உருண்டு காட்டப்போகுது. அதுல ஒவ்வொரு நொடியும் அவரோட கையெழுத்துதான்.”

சாவு வீட்டில் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அவர் ஓகே பண்ணவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனம் வீட்டுச் சமையலறையில் அவர் எனக்கு விளக்கினார். புரிந்த அளவில் எழுதுகிறேன். சண்டையில் சட்டென்று திரும்பவேண்டுமானால் போர் விமானம் மூக்கைத் தூக்கும். அப்போது அது போகிற திசை ஒன்று, மூக்கு பார்க்கிற திசை வேறு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம் கூடிக்கொண்டே போனால் இறக்கைக்குக் காற்றின் பிடி விட்டுப்போகும். அந்த நிலையில் விமானி கைப்பிடியை முழுக்க முன்னால் தள்ளினால் மூக்கு இறங்கியாக வேண்டும். இறக்குவது வாலிலுள்ள தகடுகளின் வேலை. கோணம் முப்பத்தைந்து டிகிரியை நெருங்கும்போது அந்த வாலுக்கும் பலம் குறைந்துவிடும். மிகவும் பலவீனமான அந்த இடத்தில்கூட மூக்கை இறக்க எவ்வளவு மிச்சம் இருக்கவேண்டும் என்பதுதான் இனியவனின் கணக்கு.

அதற்கு அவர்கள் ஓர் அளவு வைத்திருந்தார்கள்; எண் பெரிதானால் மூக்கு சீக்கிரம் இறங்கும். தொடக்கத்தில் வேண்டுமென்று எழுதியது பதினான்கு. செய்து முடித்த விமானத்தில் கிடைத்தது எட்டு. ராஜசேகர் பதினான்கை அடித்துவிட்டு எட்டு போதும் என்று எழுதிவிட்டார்.

“தேவைய அளந்துக்கினு விமானத்தச் செய்யணும் பிரபா. இவங்க விமானத்த அளந்துட்டுத் தேவைய எழுதறாங்க,” என்றார் இனியவன்.

எட்டாவது இருக்கிறதே என்றேன். அதற்குத்தான் சாம்பாருக்கு வைத்திருந்த முருங்கைக்காயை எடுத்தார். நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி நூலைக் கட்டித் தொங்கவிட்டார். காய் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. நூலை விரலால் முறுக்கி விட்டார். சுற்றச் சுற்ற, சாய்ந்திருந்த காய் தலையைத் தூக்கிப் படுக்கைவசத்துக்கு வந்து பருப்பு டப்பாவில் இடித்தது. விமானமும் நீளமான காய்தான் என்றார். மூக்கைத் தூக்கிக்கொண்டே, ஓர் இறக்கை மேலே ஒன்று கீழே என்று உருண்டால், உருளுகிற வேகமே மூக்கை இன்னும் தூக்கும். எட்டில் ஆறரையை அது தின்றுவிடும். மிச்சம் ஒன்றரை. ராஜசேகரின் எட்டு, உருளாமல் நேராகப் போகிற விமானத்துக்கு மட்டும் போட்ட கணக்கு.

“ஒன்றரை இருந்தா இறங்காதா?”

“எறங்கும். அது எறங்கறதுக்குள்ள தரை வந்துடும்.”

ஓட்டப்போகிறவர் ரஞ்சித் என்கிற சோதனை விமானி. விமானப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர், கோயம்புத்தூர்க்காரர், கேன்டீனில் இனியவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே பெரிய ஆள். அவரை நினைத்துத்தான் இவருக்குத் தூக்கம் போயிற்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா. எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்கல்ல, நீங்க மட்டும் ஏன் இத வச்சிக்கினு பேஜாரு பண்ணிக்கினு இருக்கீங்க, போட்டுட்டுப் போங்க என்றேன். அந்த வருஷம் அவருக்குச் சென்னைக்கு மாற்றல் கிடைக்கும் என்ற பேச்சு இருந்தது. போடமாட்டேன் என்று மட்டும் சொல்லி அவர் நூலை அவிழ்த்தார். முருங்கைக்காயைத் துடைத்து அரிவாள்மணை பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு என்னிடம் அந்தக் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார். அலுவலகக் காகிதம் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார். இது அவர் காசில் வாங்கிய நோட்டு, அவர் கையால் போட்ட கணக்கு. எங்கே போனாலும் தோள்பையில் இருக்கும்.

படத்திறப்பு முடிந்து கூட்டம் சாப்பிட உட்கார்ந்ததும் ராஜசேகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரு காகிதத்தை நீட்டினார். கம்பெனி சம்பந்தப்பட்ட எழுத்து எதுவும் எங்கள் வீட்டில் இல்லை என்று நான் கையெழுத்துப் போடவேண்டும். போடுவதற்கு முன்னால், அவர் ஒரு நோட்டு வைத்திருப்பாரே, அதைக் கொடுத்துவிட்டால் நல்லது என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண்கள் மட்டும் என் பின்னாலிருந்த அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தன.

நோட்டு இல்லை, குழியில் வைத்துவிட்டோம் என்றேன்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். செத்தவர் ஆசையாக வைத்திருந்ததை உடன் வைத்துவிடுவார்கள். மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பை, ஒருவருக்கு டிரான்சிஸ்டர்கூட வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எல்லோரும் மூன்று கை மண் போட்டு, குழி பாதி மூடிய பிறகு, மாமனாருக்கு நோட்டு நினைவு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தோள்பையைத் திறந்து எடுத்தார். பிள்ளை ஒரு பக்கம் நனைந்தாலும் பொறுக்கமாட்டான் என்று, அரிசி மூட்டைக்குள் வருகிற பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்று சுற்றி, ரப்பர் போட்டு, மண்ணின் மேல் வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதைக் கேட்டதும் ராஜசேகரின் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். முகத்தில் தெரிந்தது துக்கம் இல்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தவன் முகம்.

“ஓ, உள்ள வச்சிட்டீங்களா,” என்றார். “மழை வேற. கரைஞ்சிருக்கும் பாவம்.” பிறகு, வந்ததிலிருந்து முதல்முறையாக, “டீ ஒண்ணு கிடைக்குமா சிஸ்டர், சூடா,” என்றார்.

எங்கள் டம்ளரில் வாங்கிக் குடித்தார். உதட்டை வைத்து, ஊதி ஊதிக் குடித்தார். இரண்டாவதும் கேட்டார். அவர் விரலைத் துடைத்தபோது வந்ததைவிட, குடித்தபோதுதான் எனக்கு அருவருப்பு அதிகமாக வந்தது. காகிதத்தைப் படித்துப் பார்த்து அனுப்புகிறேன் என்றேன். அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரமே இனியவன் போனிலிருந்து ரஞ்சித் சாருக்குப் பேசினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கணக்கை முடிவு செய்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், இனியவன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்று ஒப்புக்கொண்டார் என்று இருக்கிறது என்றார். ஆட்சேபித்து இனியவன் போட்ட மெயிலும் இப்போது ஃபைலில் இல்லையாம்.

“நான் உங்களை நம்பறேன்மா. ஆனா நம்பிக்கைய வச்சு நான் ஒரு ஃப்ளைட்ட நிறுத்த முடியாது. அவர் போட்ட கணக்கு வேணும். ஒரு பக்கம் கிடைச்சாலும் போதும். இல்லைன்னா இருபத்தெட்டாம் தேதி நான் ஏறித்தான் ஆகணும்.”

நான் மாமனாரிடம் சொன்னேன். விமானம், கோணம் எல்லாம் சொல்லவில்லை. இனியவன் கையெழுத்துப் போடாத ஒன்றில் போட்டதாக எழுதிவைத்திருக்கிறார்கள், அதை நம்பி ஒருவர் ஏறப்போகிறார், விழுவார் என்று மட்டும் சொன்னேன். அவர் எழுபது வயதில் பாதி நாள் பிறர் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிய கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான்தாம்மா உள்ள வச்சேன். நானே எடுத்துத் தரேன்,” என்றார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, எல்லோரும் பார்க்கத்தான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். ஊர்ப் பெரியவர் பூமாலை வழியில் மறித்தார். மூடினதைத் திறந்தால் ஊருக்கு ஆகாது, மழை நின்றுபோகும், குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும் என்றார். மாமனார் நிற்காமல் நடந்துகொண்டே பதில் சொன்னார்.

“ஒருத்தன் வானத்துலருந்து உழுந்து சாவறது மட்டும் ஊருக்கு ஆவுமா? எம்புள்ள பேர்ல?”

பூமாலை பின்னால் வந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு பக்கம் மண்ணை இழுத்துப் போட்டார்.

நோட்டு இருந்தது பாதி ஆழத்தில்தான். உடம்பு அதற்கும் கீழே, மண்ணுக்குள். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. அவரை நாங்கள் தொந்தரவு செய்யவில்லை. ஆனாலும் ஈர மண் திறக்கத் திறக்க ஒரு வாடை வந்தது. மண்ணின் வாடைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமனார் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டி, பிளாஸ்டிக் சுருளை எடுத்து, தன் வேட்டியில் துடைத்து என்னிடம் கொடுத்தார். வாங்கினேன். குமட்டிவிட்டது. திரும்பி நின்று வாந்தி எடுத்தேன். பதிமூன்று வருஷம் அவர் வேர்வையோடு படுத்தவள். அவருடைய நோட்டை வாங்கி வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு வேறு யாரை அருவருப்பது.

ரப்பர் நழுவிப் போயிருந்தது. ஓரங்கள் கறுத்து, அட்டை ஊறியிருந்தது. உள்ளே எழுத்து இருந்தது. பால்பாயின்ட் பேனா. கரையவில்லை.

திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் சேட்டு என்பவருடைய ஜெராக்ஸ் கடை. நூலக வேலையெல்லாம் அங்கேதான் கொடுப்போம். நோட்டைக் கண்ணாடியில் விரித்ததும் அவர் மூக்கைச் சுளித்தார்.

“இன்னாக்கா இது, எலி செத்த அலமாரியில இருந்து எடுத்தாந்தியா? மெஷினு நாறிப்போவுது. மீதி கஷ்டமரெல்லாம் ஓடிடுவான்.”

எங்கிருந்து எடுத்தது என்று சொன்னேன். சேட்டு கையை எடுத்துவிட்டார். கடையில் நின்ற இரண்டு பேர் நகர்ந்து வெளியே போனார்கள். அவர் உள்ளே போய் ஒரு ஊதுவத்திக் கட்டு முழுவதையும் கொளுத்தி மெஷினின் தலையில் செருகினார். பிறகு ஒவ்வொரு பக்கமாக அவரே புரட்டி, ஸ்கேன் எடுத்துக்கொடுத்தார். எண்பத்து நான்கு பக்கம். ஊதுவத்தியும் அந்த வாடையும் கலந்தது இன்னும் மோசமாக இருந்தது. நான் அங்கிருந்தபடியே ரஞ்சித் சாருக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் அவரிடமிருந்து பேச்சே இல்லை. மூன்றாம் நாள் மதியம் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கணக்கு விளங்குகிறது, ஓர் இடம் மட்டும் விளங்கவில்லை என்றார்.

“அறுபத்தொண்ணாம் பக்கத்து ஓரத்துல ஒரு முருங்கைக்காய் மாதிரி வரைஞ்சு, நூல் கட்டியிருக்கார். கீழ ‘பிரபாவுக்கு’ன்னு எழுதியிருக்கு. அது என்னம்மா?”

எண் ஒட்டிக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்தேன். பிறகு சொன்னேன். சாய்ந்து தொங்கியதை, சுற்றியதை, தலையைத் தூக்கியதை, பருப்பு டப்பாவில் இடித்ததை. எட்டில் ஆறரை போனால் ஒன்றரை என்றதை. நான் போட்ட சண்டையையும் சொன்னேன். அதை அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

அவர் உருளும் கணக்கையும் சேர்த்துத் திரும்பப் போடும்வரை அந்த விமானத்தில் ஏறப்போவதில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நேற்றே கொடுத்துவிட்டாராம். இந்தப் படத்தை மட்டும் தெரிந்துகொள்ளாமல் விட மனம் வரவில்லையாம்.

இருபத்தேழாம் தேதி ராஜசேகர் நூலகத்துக்கே வந்துவிட்டார். கம்பெனி ரகசியம், சட்டம், வழக்கு என்று ஆரம்பித்தார். செத்தவருக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுக்கப் பார்த்தோம், நீங்களே கெடுத்துவிட்டீர்களே என்றார். பிறகு நோட்டைக் கேட்டார். வாசகர்கள் நான்கைந்து பேர் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டுப் பார்த்தார்கள். நான் அவரை உட்காரச் சொல்லி, எதிரே கடையில் டீ வாங்கிவரச் செய்தேன். பீரோவைத் திறந்து, நோட்டை எடுத்து, அவருக்கு முன்னால் மேசையில் வைத்துப் பிரித்தேன்.

வாடை எழுந்தது. அவர் நாற்காலியோடு பின்னால் போனார். கைக்குட்டை வெளியே வந்தது. ஸ்கேன் இருந்தால் போதும், இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மேடம் என்றார்.

“கடைசிப் பக்கத்த மட்டும் படிங்க சார். சத்தமா.”

அவர் என்னைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்தார். கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, தொடாமல், எட்டி நின்று படித்தார். ‘அக்டோபர் முப்பதாம் தேதி. உருளும் கணக்கைச் சேர்க்காமல் எட்டு போதும் என்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டதாக எழுதாதீர்கள் என்று ராஜசேகர் சாரிடம் இரண்டு முறை சொன்னேன்.’ தன் பெயரைப் படிக்கிற இடத்தில் அவர் குரல் துணிக்குள்ளேயே நின்றுவிட்டது.

நூலகத்தின் வெள்ளைத்தாள் ஒன்றையும் பேனாவையும் நகர்த்தினேன். நடவடிக்கைக் குறிப்பில் இனியவன் ஒப்புக்கொண்டார் என்பது தவறு, அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். ரஞ்சித்தும் இதையேதான் கேட்கிறார் என்று முனகிக்கொண்டே அவர் பேனாவை எடுத்தார். அலுவலகத்துக்குப் போய் டைப் செய்து அனுப்புகிறேன் என்றார். இங்கேயே என்றேன். ஒரு கை மூக்கில், ஒரு கையால் எழுதினார். தேதி போட மறந்தார். போடவைத்தேன்.

அவர் போன பிறகு மேசையில் அந்த டீ இருந்தது. தொடவில்லை. மேலே ஆடை படிந்து, அதில் ஓர் எறும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தாளை நோட்டுக்குள் வைத்து, பீரோவைப் பூட்டிவிட்டு, டம்ளரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றினேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன்.